டேபிளோடு சேர்ந்து அழிந்த டேக்: ஒரு டேட்டா லேக் அனுமதிச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவிலான ஒரு காப்பீட்டு நிறுவனம். பாலிசி, கிளைம், வாடிக்கையாளர் தொடர்பு என எல்லாத் தரவும் அமேசான் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்பகத்தில் கோப்புகளாக இருக்கின்றன; இந்தத் தொகுப்புதான் டேட்டா லேக். குளூ கேட்டலாக் என்ற பட்டியல் சேவை அவற்றை டேபிள்களாகக் காட்டுகிறது. அனலிஸ்ட்கள் அத்தீனா என்ற சேவையில் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) எழுதிப் படிக்கிறார்கள். யாருக்கு எது தெரியலாம் என்பதை லேக் ஃபார்மேஷன் என்ற அனுமதிச் சேவை தீர்மானிக்கிறது. இவை எல்லாமே அமேசானுடையவை. தகவல் பாதுகாப்புக் குழுவில் இருந்துகொண்டு இந்த நிகழ்வை ஆரம்பம் முதல் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

லேக் ஃபார்மேஷன் 2019-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. டேக் (தரவின் மேல் ஒட்டும் அடையாளச் சீட்டு) வழியாக அனுமதி தரும் வசதி அதில் பின்னர் சேர்ந்தது. அந்த வசதிக்கு மாறும்வரை இந்த நிறுவனத்தில் ஒவ்வொரு டேபிளுக்கும் பெயர் சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்கள். புது டேபிள் வந்தால் ஒரு டிக்கெட். அனலிஸ்ட் குழு மாறினால் இன்னொரு டிக்கெட். டேபிள்கள் சில நூறைத் தாண்டியதும், யாருக்கு எதற்கு அனுமதி இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. எனவே டேக்குக்கு மாறியது நியாயமான முடிவு. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டு டேக்குகளை வைத்தே பெரும்பாலான வேலை நடந்தது. ஒன்று, தரவு எந்தத் துறையுடையது என்று சொல்லும் ‘டொமைன்’. மற்றது ‘சென்சிட்டிவிட்டி’, அதற்கு பப்ளிக், இன்டர்னல், ரெஸ்ட்ரிக்டட் என மூன்று மதிப்புகள். கிளைம் அனலிஸ்ட்களின் ரோலுக்கு (ஒரு குழுவோ ஜாபோ உள்ளே நுழையப் பயன்படுத்தும் அடையாளம்) கொடுத்த அனுமதி இப்படி: டொமைன் ‘கிளைம்’ ஆக இருக்க வேண்டும், கூடவே சென்சிட்டிவிட்டி ‘பப்ளிக்’ அல்லது ‘இன்டர்னல்’ ஆக இருக்க வேண்டும். வெவ்வேறு டேக்குகளைச் சேர்த்து எழுதினால் எல்லாமே பொருந்தியாக வேண்டும்; ஒரே டேக்கின் பல மதிப்புகளை எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்று விதிகள் தெரிய வேண்டும். டேட்டாபேஸில் போட்ட டேக் அதிலுள்ள டேபிள்களுக்கு இறங்கும். டேபிளில் போட்டது அதன் நெடுவரிசைகளுக்கு இறங்கும். கீழ்மட்டத்தில் அதே டேக்குக்கு வேறு மதிப்பு போட்டால் அந்த இடத்தில் அதுதான் செல்லும், ஏனென்றால் ஓர் இடத்தில் ஒரு டேக்குக்கு ஒரே மதிப்புதான் இருக்க முடியும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: லேக் ஃபார்மேஷனில் ‘இவருக்குக் கூடாது’ என்று எழுதும் வழியே கிடையாது. கொடுக்கப்பட்ட அனுமதிகள் எல்லாம் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். எது மூடியிருக்க வேண்டுமோ, அதற்கு யாரும் அனுமதி கொடுக்காமல் இருப்பதுதான் ஒரே பூட்டு.

கிளைம் டேட்டாபேஸுக்கு மேல்மட்டத்தில் ‘இன்டர்னல்’ என்று போட்டிருந்தார்கள். மொபைல் எண், பிறந்த தேதி, நோய்க் குறியீடு மாதிரியான நெடுவரிசைகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றியிருந்தார்கள். பெரும்பாலான நெடுவரிசைகள் சாதாரணமானவை, எனவே விதிவிலக்கை மட்டும் குறித்தால் போதும் என்பது அப்போதைய எண்ணம்.

கவனித்தது

ஒரு காலை, கிளைம் அனலிஸ்ட் ஒருவர் டேட்டா பிளாட்ஃபார்ம் குழுவின் தலைவருக்குச் செய்தி அனுப்பினார்: “சார், கிளைம் மெயின் டேபிள்ல ஸ்டார் போட்டு எடுத்தா இன்னிக்கு மொபைல் நம்பர், பிறந்த தேதி எல்லாம் வருது. நேத்து வரைக்கும் வரல. இது நீங்க மாத்துனதா?”

அத்தீனாவில் ஸ்டார் போட்டு, அதாவது எல்லா நெடுவரிசைகளையும் கேட்டு, ஒரு குவெரி ஓட்டினால், அனுமதி இல்லாதவை சத்தமில்லாமல் விடுபட்டு மீதி மட்டும் வரும். எனவே இருபது நெடுவரிசை வந்த இடத்தில் இருபத்தைந்து வந்தால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். இவர் கவனித்தார், கவனித்ததைக் கேட்கவும் செய்தார். இந்த நிகழ்வு ஒரே இரவோடு முடிந்ததற்கு அதுதான் காரணம்.

பதில் உடனே போனது: “இல்லம்மா, நாங்க எதுவும் மாத்தல. அந்த ரிசல்டை எங்கயும் டவுன்லோட் பண்ணாதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. பாத்துட்டுச் சொல்றேன்.” அடுத்த சில நிமிடங்களில் எங்கள் குழுவுக்கும் தகவல் வந்தது.

காரணத்தைத் தேடியது

யாரோ அந்த ரோலுக்குப் பெயர் சொல்லி நேரடி அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். அனுமதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் புதிதாக எதுவும் இல்லை.

அடுத்த சந்தேகம் ‘ஐஏஎம் அலவ்ட் பிரின்சிபல்ஸ்’ என்ற குழு மேல். ஐஏஎம் என்பது அமேசான் கிளவுடின் பொதுவான அனுமதி அமைப்பு. பழைய அமைப்புகள் உடையாமல் இருப்பதற்காக, புதிய டேட்டாபேஸ்களிலும் டேபிள்களிலும் இந்தக் குழுவுக்கு முழு அனுமதி தானாகப் போகும்படி ஆரம்ப அமைப்பு இருக்கும். அதை அணைக்காமல் விட்டால், அந்த டேபிளைப் பொறுத்தவரை லேக் ஃபார்மேஷனின் டேக்குகளுக்கு வேலையே இல்லை. ஐஏஎம் பாலிசி அனுமதித்தவர் எல்லோரும் படிக்கலாம். கிளைம் டேட்டாபேஸில் இது ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது. சரி, காரணம் இதுவும் இல்லை. ஆனால் தேடும்போது, இரண்டு பழைய டேட்டாபேஸ்களில் அது இன்னும் திறந்தே இருப்பது தெரியவந்தது. அதைத் தனியாகக் குறித்துவைத்தோம்.

அப்புறம்தான் டேபிளின் டேக்குகளையே பார்த்தோம். மொபைல் எண் நெடுவரிசையில் சென்சிட்டிவிட்டி ‘இன்டர்னல்’; அதுவும் மேலிருந்து இறங்கி வந்த மதிப்பு. அந்த நெடுவரிசைக்கென்று தனியாக எதுவும் இல்லை. யாரோ ‘ரெஸ்ட்ரிக்டட்’ டேக்கைக் கழற்றியிருக்க வேண்டும் என்று, யார் என்ன செய்தார்கள் என்று பதிவுசெய்யும் கிளவுட்ட்ரெயிலில் தேடினால், டேக் நீக்கியதாக ஒரு பதிவும் இல்லை.

விடை கேட்டலாக்கிலேயே இருந்தது. பல மாதங்களாகப் பயன்பாட்டில் இருக்கும் டேபிளுக்கு ‘உருவான நேரம்’ முந்தைய நள்ளிரவைக் காட்டியது. அந்த நேரத்தை வைத்து கிளவுட்ட்ரெயிலைப் பார்த்தபோது, இரவில் தானாக ஓடித் தரவை ஏற்றும் ஜாபின் ரோல் முதலில் டேபிளை நீக்கியிருந்தது. அடுத்து அதே பெயரில் புதிதாக உருவாக்கியிருந்தது. ஒரு நெடுவரிசையின் தரவு வகையை மாற்ற வேண்டியிருந்ததால், டேபிளைத் திருத்துவதற்குப் பதிலாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி ஜாபில் அந்த வாரம் மாற்றம் போயிருந்தது. ரிவ்யூவில் பார்த்தவர்களுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. தரவும் சரியாகவே வந்தது.

டேக் ஒட்டியிருப்பது டேபிளின் பெயரில் இல்லை, டேபிளில். டேபிள் போனால் அதன் நெடுவரிசைகளில் போட்ட டேக்கும் போய்விடும். அதே பெயரில் வரும் புதிய டேபிள் டேட்டாபேஸிலிருந்து இறங்குவதை மட்டும் பெற்றுக்கொள்ளும். அது இங்கே ‘இன்டர்னல்’, அதாவது திறந்த கதவு.

உடனடி முடிவுகள்

என்ன செய்வது என்பதில் மூன்று யோசனைகள் வந்தன. மொபைல் எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் பழைய டேக்கைத் திரும்பப் போடலாம். அனலிஸ்ட் ரோலின் அனுமதியையே எடுத்துவிடலாம். அல்லது டேபிள் மட்டத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ போட்டு மொத்தமாக மூடலாம்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். முன்பு எந்தெந்த நெடுவரிசைக்கு ‘ரெஸ்ட்ரிக்டட்’ இருந்தது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. கன்சோலில் (நிர்வாகத் திரையில்) கையால் போட்ட டேக்குகள் அவை. நினைவை நம்பி ஒவ்வொன்றாகப் போட்டால் ஒன்றை விட்டுவிட வாய்ப்பு உண்டு. ரோலின் அனுமதியை எடுத்தால் அந்தக் குழுவின் மற்ற எல்லா டேபிளும் நின்றுபோகும், ஆனால் மற்ற ரோல்களுக்கு இந்த டேபிள் திறந்தே இருக்கும். டேபிளில் ஒரு டேக் போட்டால் எல்லா நெடுவரிசையும் ஒரே செயலில் மூடும், ‘ரெஸ்ட்ரிக்டட்’ தரவுக்கு அனுமதி இல்லாத எல்லா ரோலுக்கும். கிளைம் டாஷ்போர்டுகள் அன்று முழுக்க வேலை செய்யாது என்பது தெரிந்தேதான் எடுத்த முடிவு. துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவரும் மறுக்கவில்லை.

அடுத்தது, யார் பார்த்தார்கள் என்பது. இடைவெளி தெளிவாக இருந்தது: டேபிள் புதிதாக உருவான நேரம் முதல் நாங்கள் மூடிய நேரம் வரை. லேக் ஃபார்மேஷன் தரவுக்கான அணுகலை வழங்கும் ஒவ்வொரு முறையும் கிளவுட்ட்ரெயிலில் பதிவாகும். எந்த ரோல், எந்த டேபிள் என்பது அதில் இருக்கும். அத்தீனாவின் குவெரி வரலாறு 45 நாட்களுக்கு இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்ததில் அந்த டேபிளைத் தொட்ட குவெரிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பெரும்பாலானவை நெடுவரிசைப் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதியவை, அவற்றில் ரகசியத் தரவு வர வழியில்லை. ஸ்டார் போட்டவைதான் சிக்கல்.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இந்த வேலை நீண்டது. அத்தீனா ஒவ்வொரு குவெரியின் விடையையும் எஸ்3-இல் ஒரு கோப்பாக எழுதிவைக்கும். அந்தக் கோப்புகள் இருக்கும் பக்கெட்டை (எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் இடம்) லேக் ஃபார்மேஷன் பார்ப்பதில்லை, சாதாரண ஐஏஎம் அனுமதிதான். இங்கே எல்லா அனலிஸ்ட் குழுக்களும் ஒரே பக்கெட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தன. டேபிளை மூடிய பிறகும் விடைக் கோப்பு அங்கே திறந்து கிடந்தது, கிளைம் பக்கமே வராத குழுக்களுக்கும் சேர்த்து. அவற்றை நீக்கினோம். பக்கெட்டில் பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் இயங்கிக்கொண்டிருந்ததால், நீக்கியதும் கோப்பு உண்மையில் போய்விடவில்லை. நீக்கியதாக ஓர் அடையாளம் மட்டும் விழுந்தது. பழைய வெர்ஷன்களைத் தனித்தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. ஒரு ரோல், அன்று காலை அந்த டேபிளிலிருந்து ஒரு பகுதியைத் தன் குழுவின் சாண்ட்பாக்ஸ் (முயன்று பார்ப்பதற்கான) டேட்டாபேஸில் புதிய டேபிளாக எழுதியிருந்தது. வழக்கமான வேலைதான், உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் நகல் டேபிளுக்கு மூல டேபிளின் டேக்குகள் வராது. அது போய்ச் சேர்ந்த டேட்டாபேஸின் டேக்குகளே வரும். சாண்ட்பாக்ஸிலும் அது ‘இன்டர்னல்’. மூலத்தைப் பூட்டிவிட்டு நகலைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். அந்த டேபிளையும், அதன் அடியிலிருந்த எஸ்3 கோப்புகளையும் நீக்கினோம்.

நிறுவனத்துக்கு வெளியே தரவு போனதற்கான தடயம் இல்லை. இருந்தாலும் தனியுரிமை அலுவலரிடம் முழு விவரத்தையும் எழுத்தில் கொடுத்தோம். வெளியே அறிவிக்க வேண்டுமா என்ற முடிவு அவருடையது, தொழில்நுட்பக் குழுவுடையது இல்லை.

நிலையான மாற்றங்கள்

முதல் விவாதம் ஆரம்ப மதிப்பைப் பற்றி. டேட்டாபேஸின் மதிப்பை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கிவிட்டு, திறக்க வேண்டியதை மட்டும் நெடுவரிசை வாரியாகத் திறக்கலாம் என்று பிளாட்ஃபார்ம் குழு சொன்னது. திசை சரி, ஆனால் ஒரு குறை இருந்தது. யாரோ பார்த்து ‘இது ரகசியம்’ என்று முடிவுசெய்த நெடுவரிசையும், யாருமே இன்னும் பார்க்காத நெடுவரிசையும் ஒரே மாதிரி தெரியும். ரெஸ்ட்ரிக்டட் தரவைப் படிக்க அனுமதி உள்ள மோசடி விசாரணைக் குழுவுக்கு, யாரும் பார்க்காத புதுத் தரவெல்லாம் தானாகவே திறந்துவிடும்.

எனவே நான்காவதாக ‘அன்ரிவ்யூட்’ என்ற மதிப்பைச் சேர்த்தோம். எல்லா டேட்டாபேஸுக்கும் அதுதான் ஆரம்ப மதிப்பு. அதற்கு அனுமதி உள்ளவர்கள், தரவை வகைப்படுத்தும் பொறுப்பாளர்கள் மட்டும். ஒரு டேக்கும் போடாமல் விட்டாலே மூடித்தானே இருக்கும் என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், டேக் இல்லாவிட்டால் டேக் அனுமதி எதுவும் பொருந்தாது. ஆனால் வெறுமையாக இருப்பதைத் தேடிப் பட்டியல் எடுப்பது சிரமம். ‘அன்ரிவ்யூட்’ என்று ஒரு மதிப்பு இருந்தால், அதை வைத்தே தினமும் பட்டியல் எடுத்துப் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். இந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நான் சொல்வது இதைத்தான்.

டேக்குகளைக் கன்சோலில் போடுவதை நிறுத்தினோம். டேபிளின் அமைப்பு எந்தக் கோப்பில் இருக்கிறதோ, அதே கோப்பில் ஒவ்வொரு நெடுவரிசையின் சென்சிட்டிவிட்டியும் எழுதப்படுகிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் துறைப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். ஜாபின் கடைசிப் படி அந்தக் கோப்பைப் பார்த்து டேக்குகளைப் போடும். கோப்பும் கேட்டலாக்கும் ஒத்துப்போகின்றனவா என்று இரவுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் சரிபார்க்கும். முதல் ஓட்டத்தில் அது நிறைய முரண்பாடுகளைக் காட்டிப் பயமுறுத்தியது. காரணம் சின்னது: லேக் ஃபார்மேஷன் டேக்குகளைச் சிறிய எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கும், கோப்பில் சிலர் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தார்கள்.

டேபிளை அழித்து உருவாக்குவதைத் தடுக்க, ஜாப் ரோலிடமிருந்து நீக்கும் அனுமதியை லேக் ஃபார்மேஷனில் எடுக்கப் பார்த்தோம். அங்கே ஒரு முட்டுக்கட்டை: டேபிளை உருவாக்கியவருக்கு அதன் மேல் எல்லா அனுமதியும் தானாகவே உண்டு. ஐஏஎம்மில் அப்படியில்லை. அங்கே வெளிப்படையாகத் தடை எழுதலாம், ஒரு செயல் நடக்க இரண்டு பக்கமும் ஒப்ப வேண்டும். எனவே அன்றாடப் பயன்பாட்டில் உள்ள (புரொடக்‌ஷன்) டேட்டாபேஸ்களில் டேபிள் நீக்குவதற்கு ஐஏஎம் பாலிசியில் தடை போட்டோம். உண்மையிலேயே நீக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி ரோல், தனி ஒப்புதல்.

சாண்ட்பாக்ஸிலும் ஆரம்ப மதிப்பு ‘அன்ரிவ்யூட்’தான். உருவாக்கிய ரோலுக்கு உரிமை தானாக வருவதால் அனலிஸ்ட் தன் நகலைப் படிக்கலாம், மற்ற குழுக்களுக்கு அது தெரியாது. குவெரி விடைகளுக்கு ஒவ்வொரு வொர்க்குரூப்புக்கும் (அத்தீனாவில் ஒரு குழுவுக்கான தனிப் பிரிவு) தனி இடம். பயனர் அதை மாற்ற முடியாதபடி வொர்க்குரூப் அமைப்பைக் கட்டாயமாக்கினோம். கோப்புகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும், பழைய வெர்ஷன்களும் சேர்த்து. முன்பு குறித்துவைத்த அந்த இரண்டு பழைய டேட்டாபேஸ்களிலும் ‘ஐஏஎம் அலவ்ட் பிரின்சிபல்ஸ்’ குழுவை நீக்கினோம்.

மிக ரகசியமான நெடுவரிசைகளைத் தனி டேட்டாபேஸாகவே பிரித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. எல்லா ஜாபிலும் கூடுதல் இணைப்பு எழுத வேண்டும் என்பதால் அதைத் தள்ளிவைத்தார்கள். நோய்க் குறியீடுகளுக்கு மட்டுமாவது அதைச் செய்வது நல்லது என்பது இன்னும் என் கருத்து.

பிறகு நடந்தது

ஆரம்ப மதிப்பை மாற்றுவது, டேட்டாபேஸ் ஒவ்வொன்றாக, வேலை நேரம் முடிந்த பிறகு நடந்தது: ஒரே ஸ்கிரிப்ட் மேல் மதிப்பை மாற்றிவிட்டு உடனே கோப்பிலிருந்து நெடுவரிசை டேக்குகளைப் போட்டது. சில டாஷ்போர்டுகள் அடுத்த நாள் உடைந்தன. நெடுவரிசைப் பெயர்களைச் சொல்லி எழுதியவை, அப்படி ஒரு நெடுவரிசை இல்லை அல்லது அனுமதி இல்லை என்ற பிழையோடு நின்றன. அவற்றை உடனே சரிசெய்ய முடிந்தது. ஸ்டார் போட்டு எழுதியவைதான் தொல்லை கொடுத்தன. பிழையே இல்லாமல், ஒரு நெடுவரிசை குறைவாக, வெறும் இடத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. ஓர் அறிக்கையில் அது தெரியவர இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகு, டாஷ்போர்டுக்குப் போகும் குவெரியில் ஸ்டார் கூடாது என்பது விதியானது.

அனலிஸ்ட்களின் குறை நியாயமானது. புது நெடுவரிசை வந்தால் முன்பு அன்றே தெரியும். இப்போது பொறுப்பாளர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு துறையில் பொறுப்பாளர் விடுப்பில் போனபோது பட்டியல் அப்படியே தேங்கியது. அதற்கு மாற்று ஆள் ஒருவரைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அது போதுமா என்று இன்னும் பார்க்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, ஐஏஎம் தடை இன்னும் போடப்படாத ஒரு டேட்டாபேஸில் வேறொரு குழுவின் ஜாப் அதேபோல ஒரு டேபிளை அழித்துப் புதிதாக உருவாக்கியது. காலையில் வந்த டிக்கெட்டில் இருந்தது: “டேபிள் இருக்கு, ஆனா ஒரு நெடுவரிசையும் தெரியல.” எல்லாமே ‘அன்ரிவ்யூட்’ ஆகிக் கிடந்தன. டேக் போடும் படியை மறுபடி ஓட்டியதும் சரியாகிவிட்டது. யாரும் பார்க்கக் கூடாததைப் பார்க்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டேக் முறைக்கு மாறியபோது நடந்த சோதனைகள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டன: சரியான ஆளுக்குச் சரியான டேபிள் தெரிகிறதா? டேபிளுக்கு ஏதாவது நேர்ந்தால் அனுமதி என்ன ஆகும் என்று யாரும் சோதிக்கவில்லை. இப்போது சோதனைக் கணக்கில் ஒரு டேபிளை அழித்து உருவாக்கி, ஒரு புது நெடுவரிசை சேர்த்து, சாண்ட்பாக்ஸுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அனலிஸ்ட் ரோலிலேயே நுழைந்து பார்க்கும் சோதனை இருக்கிறது. ரோலை மாற்றிக்கொண்டு பார்ப்பது முக்கியம். பிளாட்ஃபார்ம் குழுவின் சொந்த ரோல்களுக்கு எல்லாமே தெரியும் என்பதால், அவர்கள் திரையில் அன்று காலையும் எந்த வித்தியாசமும் இருந்திருக்காது.

ரிவ்யூ படிவத்தில், டேபிளை நீக்கும் கட்டளை இருந்தால் அதைத் தனியாகக் காட்டும் ஒரு தானியங்கிச் சரிபார்ப்பு சேர்ந்திருக்கிறது. டேபிள் நீக்கம், டேக் மாற்றம் ஆகிய இரண்டு நிகழ்வுகளுக்கும் எங்கள் குழுவுக்கு உடனடி எச்சரிக்கை வருகிறது. அந்த அனலிஸ்ட் கேட்டது போன்ற கேள்விகளைக் கேட்பதற்கென்று ஒரு தனி சானல் திறந்திருக்கிறோம். அதில் வரும் கேள்விக்கு அன்றே பதில் போக வேண்டும் என்பது பிளாட்ஃபார்ம் குழு ஏற்றுக்கொண்ட பொறுப்பு.